பழைய மேடை உடைகளைக் காப்பது எப்படி: பினாங்கு வீட்டுப் பெட்டியிலிருந்து அருங்காட்சியகம் வரை

மேடை உடை ரொம்ப நாள் உழைக்க வேண்டும் என்று யாரும் தைப்பதில்லை. முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அரசனாகத் தெரிய வேண்டும், அடுத்த காட்சிக்குள் கழற்றி மாட்ட முடிய வேண்டும், கம்பெனிக்குக் கட்டுப்படியாக வேண்டும். தையல்காரரின் கணக்கு அதோடு முடிந்தது. அதனால் வெளியே வெல்வெட், உள்ளே மலிவான லைனிங், மேலே ஜரிகை, ஓரத்தில் பசை வைத்து ஒட்டிய ஜிகினா, விறைப்புக்கு உள்ளே ஓர் அட்டை என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பொருள்கள் ஒரே உடையில் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். கெடும்போது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

இதற்கு மேல் நம் ஊர்க் காற்று. பினாங்கில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பூசணம் பிடிக்க 65 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும். குளிர்நாட்டில் அலமாரியில் சும்மா கிடந்தே நூறு வருடம் தாங்கும் உடை, இங்கே சும்மா விட்டால் தாங்காது.

தாத்தா போட்ட ராஜபார்ட் (அரச வேட) அங்கி, கோயில் திருவிழா நாடகத்தின் கிரீடம், அம்மாவின் அரங்கேற்ற உடை, சலங்கை என்று ஏதாவது உங்கள் வீட்டு ரங்குப் பெட்டியில் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். துணி போவதற்கு முன்பே அதன் கதை போய்விடுகிறது என்பதுதான் என் பெரிய கவலை. யார் போட்டது, எந்த நாடகம், எந்த வருடம் என்று சொல்லக்கூடியவர் போன பிறகு மிஞ்சுவது பழைய வெல்வெட். அதை அருங்காட்சியகமும் வாங்கத் தயங்கும். ஆகவே இங்கே சொல்லும் படிகளில் துணியைத் தொடுவது பின்னால்தான் வரும்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்குக்கு மேடை உடையின் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. தீட்டிய திரைச்சீலைகள், வெல்வெட்டும் சரிகையும் மின்னும் ராஜா ராணிகள், பாட்டு, சண்டை எல்லாமே ஊருக்குப் புதுசு. மக்கள் அதை ‘வாயாங் பார்சி’ என்றார்கள். அதைப் பார்த்து மலாய் மொழியில் பிறந்ததுதான் பங்சாவான் நாடகம். 1885இல் மாமாக் புஷி தொடங்கிய ‘புஷி இந்திரா பங்சாவான்’ குழு பினாங்கில்தான் உருவானது. அதே பார்சி நாடகங்கள் சென்னைப் பக்கமும் போயின. தமிழ் நாடகக் கம்பெனிகளின் மேடையையும் அவை மாற்றின. ராஜபார்ட் அங்கியையும் பங்சாவான் இளவரசன் அங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவுக்காரர்கள் போலத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்பேன்.

தமிழ்ப் பக்கத்தில் இரண்டு ஓட்டங்கள். ஒன்று படித்தவர்களின் அமெச்சூர் சபை: பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை அந்த வழி. இன்னொன்று தொழில்முறைக் கம்பெனிகள்: சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அதில் முக்கியமானது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி) என்று வேடத்துக்கு வேடம் உடை வகுக்கப்பட்டிருந்தது கம்பெனி உலகில்தான். இவற்றுக்கும் முந்தைய தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டு பதித்தவை. தீவட்டி வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி மின்னுவதுதான் அதன் அழகு.

பரதநாட்டிய உடையின் கதை வேறு. ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் முதன்முதலாக மேடையேறினார். 1936இல் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா வந்தது. பழைய கோயில் சிற்பங்களைப் பார்த்தும், மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணியின் உதவியோடும் அவர் உடையை மாற்றி அமைத்தார். இன்று நாம் காணும் தைத்த, முன்னால் விசிறி போல விரியும் மடிப்பு வைத்த உடை அந்த வழியில் வளர்ந்தது. அதற்கு முன் பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடுவார்கள். பாலசரஸ்வதி போன்றோர் கடைசிவரை புடவையிலேயே ஆடினார்கள். மலேசியாவில் கோலாலம்பூரின் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இல் தொடங்கியது, நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிமின் சூத்ரா 1983இல். இந்த இரண்டு குழுக்களின் காலத்திய உடைகளுக்கே இப்போது நாற்பது வயது. பழசு என்றால் தாத்தா காலம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வருடம் தெரியாத உடைக்குப் பொருளே சாட்சி. ஊக்கும் கயிறும் மட்டும் இருக்கிறதா, உலோக ஜிப் இருக்கிறதா, நைலான் ஜிப் இருக்கிறதா? வெல்குரோ இருந்தால் அந்தத் தையல் 1950களின் கடைசிக்குப் பிந்தியது. பிளாஸ்டிக் போல மினுமினுக்கும் ஜரிகை பழைய வெள்ளி ஜரிகை ஆகாது. ஆனால் கவனம்: மேடை உடையைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்திருப்பார்கள். வெல்குரோ புதுசு என்பதால் உடை புதுசு என்று முடிவுகட்டக் கூடாது. லைனிங்கைத் திறந்த இடம் வழியே பாருங்கள். விட்ட தையல் துளைகள், விரித்த இடுப்பு, உள்ளே மையால் எழுதிய பெயர் எல்லாம் அந்த உடை எத்தனை பேரைச் சுமந்தது என்று சொல்லும்.

துவைக்காதீர்கள்

இதை ஒரு படியாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிக அதிகமான சேதம் அன்பினால்தான் நடக்கிறது. பெட்டியைத் திறந்ததும் ஒரு மணம் வரும், உடனே யாராவது அதை வாளியில் போடுவார்கள், இல்லை டோபியிடம் கொடுப்பார்கள். பழைய சம்கியில் (துணியில் தைக்கும் மினுமினுப்பு வில்லை) ஒரு வகை ஜெலட்டினால் ஆனது. 1920, 30களில் அது பரவலாக இருந்தது. தண்ணீர் பட்டால் கரையும், சூடு பட்டால் உருகும். உள்ளே இருக்கும் அட்டை ஊறி உப்பும். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளிலும் பட்டுக்குக் கனம் ஏற்ற தகர உப்புகளில் ஊறவைப்பார்கள். அப்படிப்பட்ட பட்டு, மடித்த இடத்திலேயே கண்ணாடிபோல உடையும். அதைப் பிழிந்தால் கையில் தூள்தான் வரும்.

கழுத்துப் பட்டையில் ஒட்டிய அரிதாரமும் அக்குளில் படிந்த வியர்வைக் கறையும் அழுக்கா, வரலாறா? பெரிய அருங்காட்சியகங்களே உடைக்கு உடை தனியாக முடிவெடுக்கும் கேள்வி இது. துணியை அரிக்கும் அழுக்கை எடுப்பார்கள். நடிகர் அதைப் போட்டு ஆடினார் என்பதற்குச் சாட்சியாக நிற்கும் கறையை விட்டுவைப்பார்கள். வீட்டில் அந்த முடிவை எடுக்காமல் தள்ளிப்போடுவதே நல்லது. எடுத்த கறையைத் திரும்ப வைக்க முடியாது.

கதையை எழுதி வைப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். அருங்காட்சியகங்களின் வழக்கம் எளிமையானது: பதிவு செய்த வருடம், அந்த வருடத்தின் எத்தனையாவது தொகுப்பு, அதில் எத்தனையாவது பொருள். 2025.1.3 என்றால் 2025இல் பதிந்த முதல் தொகுப்பின் மூன்றாவது பொருள். ஜாக்கெட், விசிறி, தாவணி, ஒட்டியாணம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் வேண்டும்; இல்லாவிட்டால் நாலு பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போது எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாமல் போகும். எண்ணைத் துணியில் எழுதாதீர்கள். சிறு பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, லைனிங்கில் இரண்டு மூன்று தளர்வான தையலில் பிடித்துவிடுங்கள்.

புகைப்படம்: முன், பின், இரண்டு பக்கம், உள்பக்கம், ஒவ்வொரு கிழிசலும். ஓரத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சம் போதும்.

அப்புறம் மனிதர்கள். போட்டவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய் உட்காருங்கள். கைபேசியில் பதிவு ஓடட்டும். “என்ன நாடகம்?” என்று மட்டும் கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். உடையை, முடியாவிட்டால் அதன் படத்தை, முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள்: பாட்டி, இதை யார் தைத்தது, துணி எந்தக் கடையில் எடுத்தது, இந்த ஊக்கு ஏன் மாறியிருக்கிறது, மேடையில் விளக்கு எங்கே இருந்தது, உடை மாற்ற எவ்வளவு நேரம் கிடைக்கும், யார் கூட நின்று கட்டிவிடுவார்கள். உடை கட்டிவிட்டவர்களின் பெயர் எந்த நிகழ்ச்சி நிரலிலும் இருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அழைப்பிதழ், நோட்டீஸ், டிக்கெட், பத்திரிகைத் துணுக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் பத்திரிகையின் பழைய பக்கங்களில் உள்ளூர் நாடகச் செய்திகளைத் தேடிப் பார்ப்பதும் நல்ல வழி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தில் எலன் டெர்ரி என்ற நடிகை 1888இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் லேடி மெக்பெத் வேடத்துக்குப் போட்ட உடை இன்றும் இருக்கிறது. பச்சைக் கம்பளி நூலையும் நீல ஜிகினா நூலையும் சேர்த்துப் பின்னி, மேலே ஏறக்குறைய ஆயிரம் பொன்வண்டுச் சிறகுகளைத் தைத்திருந்தார்கள். பொன்வண்டுச் சிறகு தைப்பது நம் சென்னை, ஹைதராபாத் பக்கத்து வேலைப்பாடு. அங்கிருந்துதான் ஐரோப்பாவின் நாகரிக உடைகளுக்குப் போனது. அந்த உடையைச் சீராக்க 1,300 மணி நேரத்துக்கு மேல் உழைத்து 2011இல் முடித்தார்கள். உடைந்த சிறகுகளை ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்து ஒட்டினார்கள். எது டெர்ரியின் காலத்துத் தையல், எது பிற்பாடு போட்ட ஒட்டு என்று பிரித்தறிய, அந்த உடையில் அவரைத் தீட்டிய ஓவியமும் படங்களும் குறிப்புகளும் கை கொடுத்தன. உடையோடு தகவலும் பிழைத்திருந்ததால்தான் அந்த உழைப்புக்கு வழி இருந்தது.

பூச்சியும் பூசணமும்

புதிதாக எடுத்த பெட்டியை மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். தாளில் மாவு போன்ற தூளோ, சின்னச் சின்னக் கூடுகளோ, புழுவின் தோலோ விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இராமபாணம் கஞ்சியையும் பசையையும் தின்னும். கம்பளியையும் பட்டையும் துணிப்பூச்சியின் புழு தின்னும். கரப்பான் வியர்வை படிந்த இடத்தைத் தேடி வரும்.

பருத்தி, பட்டு, கம்பளி மட்டும் உள்ள உடையாக இருந்தால் உறைபதனப் பெட்டி நல்ல வைத்தியம். பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, கழித்தல் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியின் மேலேயே நீர் கோக்கும். கண்ணாடி மணி, அரக்கு, பெயின்ட், பிளாஸ்டிக், ஒட்டிய வேலைப்பாடு உள்ள எதையும் இப்படிச் செய்யாதீர்கள். அருங்காட்சியகங்கள் அப்படிப்பட்டவற்றுக்கு ஆக்ஸிஜனை வெளியேற்றிய உறையில் வாரக்கணக்கில் வைக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. அது வீட்டில் செய்யக்கூடியது இல்லை.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், துணியில் ஏறிய வாசம் லேசில் போகாது, எல்லாவற்றுக்கும் மேல் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்த அணுக்களை அது உடைக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சோதனை செய்கிறார்களே, அதே குறைபாடுதான். வசம்பு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு பழைய முறை. பூச்சியை விரட்ட ஓரளவு உதவும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. வைப்பதென்றால் துணிப் பையில் கட்டி, உடையைத் தொடாமல் பெட்டி மூலையில் வையுங்கள். அதன் எண்ணெய் கறையாகும்.

பூசணம் பிடித்திருந்தால் என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஈரமாகப் பிசுபிசுக்கும் பூசணத்தைத் தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். நிழலில், காற்றாடி ஓடும் இடத்தில் நன்றாகக் காயவிட்டு, தூளான பிறகு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டி எடுங்கள். நேர் வெயில் சாயத்தை அழிக்கும்.

தூசு எடுப்பது

வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வேகத்தைக் குறைத்து, துணிக்கும் குழாய்க்கும் நடுவில் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். தளர்ந்த மணி, சம்கி எதுவும் உள்ளே போகாது. கிழிசலைத் தைக்க வேண்டாம். செல்லோடேப், பசை, இஸ்திரி எதுவும் வேண்டாம். விழுந்த சம்கியைச் சிறு உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள்.

கறுத்த ஜரிகையை மெருகேற்ற ஆசை வரும். உண்மையான ஜரிகை என்பது பட்டு நூலில் சுற்றிய மெல்லிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். கறுப்பு வந்தது காற்றிலுள்ள கந்தகத்தால். தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போகும். ரப்பர் பேண்ட், ரப்பர் ஸ்பாஞ்ச் போன்றவற்றை அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அவற்றிலிருந்து வருவதும் கந்தகம்தான்.

எங்கே, எதில் வைப்பது

அருங்காட்சியகங்கள் துணிக்கு ஏறக்குறைய 20 பாகை வெப்பமும் 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமும் தேடும். வீட்டில் அது நடக்காது. நடக்காததற்காக வருந்த வேண்டியதும் இல்லை. நிலையாக இருப்பதுதான் முக்கியம். பகலில் ஏர்கோன் போட்டு இரவில் அணைக்கும் அறை, ஏர்கோனே இல்லாத அறையைவிட மோசம். துணி தினமும் சுருங்கி விரியும், குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், தகரக் கூரைக்கு நேர் கீழே இல்லாமல், குளியலறைச் சுவருக்கு எட்டி ஓர் இடம் பாருங்கள். மலிவான ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்தால் ஒரு மாதத்தில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

பெட்டிக்குப் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது. பிவிசி உறை கூடாது, ஒட்டிக்கொண்டு அமிலம் விடும். மரப்பெட்டியும் அமிலம் விடும்; வேறு வழி இல்லையென்றால் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, மேலே பருத்தி விரியுங்கள். அமிலமற்ற தாள் கிடைக்காவிட்டால் பல தடவை அலசிய, கஞ்சியும் வாசனைத் திரவமும் போடாத வெள்ளை வேட்டி போதும். பாட்டிமார் பட்டுப் புடவையைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்தது மிகச் சரியான வேலை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டால் பெட்டியை இறுக மூடி, மாதம் ஒரு முறை ஜெல்லை உலர்த்த வேண்டும். அதைச் செய்ய முடியாதென்றால் ஜெல் இல்லாமல், காற்று கொஞ்சம் போய் வரும்படி விட்டுவிடுங்கள்.

புடவையையும் திரைச்சீலையையும் உருளையில் சுற்றுங்கள். உருட்ட முடியாததை மடிக்கும்போது, மடிப்புக்குள் சுருட்டிய துணியை வைத்து வளைவாக மடியுங்கள். வருடம் ஒருமுறை மடிப்பு இடத்தை மாற்றுங்கள். மணியும் ஜரிகையும் கனத்த உடையைத் தொங்கவிடக் கூடாது. தோளிலேயே கிழியும்.

சலங்கையைத் தனியாக வையுங்கள். வெண்கல மணி தோல் பட்டையைத் தொடும் இடத்தில் பச்சை மெழுகு போல ஒன்று வரும். தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது அது. மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. நாகர்கோவில் வடசேரி வேலைப்பாட்டில் வரும் கோயில் நகைகளுக்குள் அரக்கு இருக்கும். தலைசாமானை (தலையில் அணியும் நகைகளை)த் தண்ணீரிலோ சூட்டிலோ காட்டாதீர்கள்.

பெட்டிகளைத் திறந்து பார்க்கப் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பொருத்தம், மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் திறக்காமல் இருப்பது மேல்.

போடலாமா, காட்சிக்கு வைக்கலாமா

பேத்தியின் அரங்கேற்றத்துக்குப் பாட்டியின் உடையைப் போட வேண்டும் என்று ஆசை இருக்கும். அளவெடுத்து நகல் தையுங்கள். பழைய உடை அதே சபையில், மேசையில், கிடத்தி வைத்த நிலையில் இருக்கட்டும். உடலின் வெப்பமும் வியர்வையும் ஓர் இரவில் செய்யும் சேதம், பெட்டியில் பல வருடம் இருந்தாலும் வராது.

அருங்காட்சியகம் துணிக்கு அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மங்கலாக இருக்கிறதே என்று நாம் குறைபடுவோம். ஒளியால் வந்த சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது என்பதால்தான் அப்படி. சில மாதத்துக்கு ஒரு தடவை உடையை மாற்றி ஓய்வும் கொடுப்பார்கள். உடையை மாட்டி வைக்கும் காட்சிப் பொம்மைக்கு உடையைப் பொருத்துவது வழக்கம் இல்லை. உடையின் அளவுக்குப் பஞ்சு வைத்துப் பொம்மையைத்தான் உருவாக்குவார்கள்.

அருங்காட்சியகத்திடம் கொடுப்பது

மேடை உடைக்கென்றே இடம் கட்டிய நாடுகள் உண்டு. பிரான்ஸில் மூலான் நகரத்துப் பழைய குதிரைப்படைக் கட்டடத்தில் 2006 முதல் மேடை உடைக்கான தேசிய மையம் இயங்குகிறது. ஏறக்குறைய பத்தாயிரம் உடைகள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 1973இல் லண்டன் ஏலத்தில் ரஷ்ய பாலே குழுவின் உடைகளை வாங்கியது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்து நாடகத் தொகுப்பு, கேப்ரியேல் எந்தோவன் என்ற பெண்மணி 1924இல் கொடுத்த நாடக நோட்டீஸ்களும் காகிதங்களும் தொடங்கி வைத்தது. மலேசியத் தமிழ் மேடைக்கும் அப்படி ஒரு தொகுப்பு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்குத் தனி ஆட்களின் பெட்டிகள்தான் முதல் சரக்கு.

இங்கே அணுகக்கூடியவை: கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டி, பழைய ரயில்வே கட்டடத்தில் 2010 முதல் இருக்கும் தேசியத் துணி அருங்காட்சியகம், 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், பினாங்கில் மாநில அருங்காட்சியகம். நேரில் பெட்டியோடு போகாதீர்கள். படங்களும் நோட்டுப் புத்தகத்தின் நகலும் இணைத்து, சேகரிப்புப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். மறுத்தாலும் மனம் தளர வேண்டாம். இடமில்லை, அதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறது என்பது போன்ற காரணம் நிறைய உண்டு.

ஏற்றுக்கொண்டால் நன்கொடையா, இரவலா என்று தெளிவாகக் கேளுங்கள். நன்கொடை என்றால் உரிமை போய்விடும். காட்சிக்கு வைத்தே ஆக வேண்டும் என்று பிற்பாடு கேட்க முடியாது. இரவல் என்றால் திரும்பும் தேதி, காப்பீடு, ஒப்படைக்கும் நாளின் நிலை அறிக்கை மூன்றும் எழுத்தில் வேண்டும். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவார்கள், போட்டவரின் பெயரோடு தைத்தவரின் பெயரும் வருமா, குடும்பம் வந்து பார்க்க வழி உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாருடைய சம்மதமும் ஒரே தாளில் இருக்கட்டும். பெட்டி போகும்போது ஒலிப்பதிவின் ஒரு பிரதியும் கூடவே போக வேண்டும், இன்னொன்று உங்களிடம் இருக்க வேண்டும்.